கதை முடிஞ்ச பிறகும் போகாம நிக்கிறவங்க

இலங்கையில எங்க மலையகப் பக்கம் இலக்கியக் கூட்டம் எதுக்காவது போனா ஒரு பேச்சு எப்பிடியும் காதுல விழும். நல்ல வாசகர்னா கொஞ்சம் தள்ளி நின்னு படிக்கணும், ஃபேன் மாதிரி விழுந்து கெடந்து படிக்கக் கூடாது, அப்பிடிப் படிச்சா கதாநாயகன்தான் தெரிவான், புத்தகம் தெரியாதுன்னு. சொல்றவங்க எல்லாம் என்னை விட நிறையப் படிச்சவங்க, அவங்க மேல மரியாதை இருக்கு, ஆனா இந்த ஒரு விஷயத்துல என்னால ஒத்துப்போக ஏலாது. நான் ஒழுங்காப் படிக்கப் பழகினதே ஒரு கதைக்கு ஃபேனா இருந்ததாலதான். ஒரு வரிய ரெண்டு தடவை பாக்கிறது, இது முன்னாடி எங்கயோ வந்துச்சேன்னு பின்னால பொரட்டிப் போறது, எழுதினவரு எதைச் சொல்லாம விட்டாருன்னு யோசிக்கிறது, இதெல்லாம் எனக்கு எந்த டீச்சரும் சொல்லித் தரல்ல, கல்கி எழுதின பொன்னியின் செல்வன்ல வாற வந்தியத்தேவன் மேல இருந்த பைத்தியம்தான் சொல்லித் தந்துச்சு.

எங்க ஸ்கூல் லைப்ரரியில பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் இருக்கல்ல. ரெண்டாம் பாகம் சுழற்காற்று மட்டும் இருந்துச்சு, அட்டை போய், முதல் பக்கத்துல மை கொட்டி. அதால எனக்கு அந்தக் கதை தொடங்கினது கோடிக்கரையில, படகு ஓட்டுற பூங்குழலிகிட்ட இருந்துதான். யாரு இந்தப் பொம்பளப் புள்ள, எதுக்கு ஒரு பையன் ஓலையோட இலங்கைக்கு ஓடி வாறான், நந்தினின்னு சொன்னாலே எல்லாரும் பதறுறாங்களே அது யாருன்னு ஒண்ணும் விளங்காமலே படிச்சேன், விளங்காததாலேயே விடவும் முடியல. அந்தப் பாகத்துல நிறைய இடம் நடக்குறது நம்ம நாட்டுல, தம்புள்ள, அனுராதபுரம்னு கண்டி பஸ் ஸ்டாண்டு போர்டுல பாக்குற ஊரெல்லாம் ஒரு சோழ இளவரசன் நடந்து போற எடமா வரும்போது எனக்குத் தலை சுத்திச்சு. கல்கி இங்க நேர்ல வந்து சுத்திப் பாத்தவரு, இலங்கைப் பயணத்தப் பத்தித் தனியா ஒரு புத்தகமே எழுதியிருக்காருன்னு பின்னாலதான் தெரியும்.

முதல் பாகம் கைக்குக் கெடச்சது ரொம்ப நாளைக்குப் பொறகு, டவுன்ல ஒரு அண்ணாகிட்ட இரவல் வாங்கினது. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரை மேல ஒரு வாலிபன் வாறான், ஏரியோட எழுபத்து நாலு கணவாயையும் எண்ணிக்கிட்டு வாறான், எல்லாருக்கும் அந்த எடத்துலதான் அவன் அறிமுகம், எனக்கு மட்டும் அவன் ஏற்கனவே கடல் தாண்டி, அடி வாங்கி, பொய் சொல்லி, பழகின ஆளா இருந்தான். இப்பிடி நடுவுல இருந்து தொடங்கினதுக்கு நான் இன்னைக்கும் சந்தோஷப்படுறேன், ஏன்னா முதல்ல இருந்து படிச்சவங்க சாதாரணமா தாண்டிப் போற வரியெல்லாம், பின்னால நடக்கப் போறது தெரிஞ்சதால, எனக்கு மட்டும் நெஞ்சுல குத்திச்சு.

ஃபேன் படிக்கிற முறையே இதுதான்னு நினைக்கிறேன். முடிவு தெரிஞ்ச பொறகுதான் அவங்க படிக்கவே தொடங்குறாங்க.

அந்த நாவலோட கடைசியில ஒரு முடிவுரை இருக்கு, நிறைய பேர் அதைப் படிக்காமலே மூடி வச்சிடுவாங்க. கதை 1950 ஒக்டோபர்ல தொடங்கி 1954 மே வரைக்கும் கல்கி பத்திரிகையில வாரா வாரம் வந்துச்சு, மணியம் படம் வரைஞ்சாரு, மூணரை வருஷம் சனம் காத்திருந்து காத்திருந்து படிச்சாங்க. முடிஞ்சவுடனே வாசகர்களுக்குத் திருப்தி இல்ல. இவ்வளவு சடுதியா முடிச்சிட்டீங்களே, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் என்னாச்சு, நந்தினி எங்க போனா, ஆழ்வார்க்கடியான் என்ன ஆனான்னு கேள்வி மேல கேள்வி. கல்கி உட்கார்ந்து அதுக்கெல்லாம் பதில் எழுதினாரு, இன்னைக்கு வரைக்கும் அது புத்தகத்தோட சேந்தே அச்சாகுது. யோசிச்சுப் பாருங்க, தமிழ்ல இத்தனை பேர் படிச்ச ஒரு நாவலோட கடைசிப் பக்கங்கள எழுத வச்சது விடாப்பிடியான ஃபேன்கள்தான். என்னை விட எழுபது வருஷத்துக்கு முந்தின ஆளுங்க, பூங்குழலிக்காக எனக்கு வந்த அதே கோபம் அவங்களுக்கும் வந்திருக்குன்னு அந்தப் பக்கத்தப் படிச்சப்ப எனக்கு ஒரு பெரிய கூட்டத்துக்குள்ள போய் நின்ன மாதிரி இருந்துச்சு.

இங்கிலாந்துலயும் இதுதான் நடந்துச்சு. ஷெர்லொக் ஹோம்ஸ எழுதிக்கிட்டிருந்த கொனன் டொய்ல் அலுத்துப் போய் 1893 டிசம்பர்ல ஸ்ட்ரான்ட் பத்திரிகையில ஒரு கதை போட்டு ஹோம்ஸ சுவிட்சர்லாந்துல ஒரு நீர்வீழ்ச்சியில தள்ளிக் கொன்னுட்டாரு. வாசகர்கள் விடல்ல, கடுதாசி எழுதித் திட்டினாங்க, பத்திரிகை வாங்குறத நிப்பாட்டினாங்க. 1901ல ஹோம்ஸ் சாகிறதுக்கு முந்தி நடந்ததா ஒரு நாவல் தொடங்கினாரு, 1903ல ஆளையே உயிரோட திருப்பிக் கொண்டு வந்துட்டாரு. எனக்கு இதுல பிடிச்சது ஹோம்ஸ் திரும்பி வந்தத விட அதுக்குப் பொறகு அந்த வாசகர்கள் செஞ்ச வேலைதான். ஹோம்ஸோட கூட்டாளி வொட்சன் ஆப்கானிஸ்தான் சண்டையில சூடு பட்டவரு. முதல் கதையில காயம் தோள்ல, ரெண்டாவது நாவல்ல காயம் கால்ல. டொய்ல் மறந்து எழுதிட்டாருன்னு சொல்லிட்டுப் போகலாம், ஆனா ஃபேன்கள் அப்பிடிப் போகல்ல, ரெண்டும் உண்மையா இருக்கணும்னா என்ன நடந்திருக்கணும்னு கட்டுரை கட்டுரையா எழுதித் தள்ளினாங்க. 1911ல ரொனல்ட் நொக்ஸ்னு ஒருத்தர் ஹோம்ஸ் கதைகள வேதப் புத்தகத்த ஆராயுற மாதிரி ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வாசிச்சாரு, 1934ல நியூயோர்க்ல இதுக்குன்னே ஒரு சங்கம் தொடங்கினாங்க. டொரத்தி சேயர்ஸ்னு துப்பறியும் கதை எழுதுற அம்மா, இந்த விளையாட்ட லோர்ட்ஸ் மைதானத்துல நடக்குற கவுண்டி கிரிக்கெட் மெட்ச் அளவுக்கு சீரியஸா விளையாடணும்னு எழுதி வச்சிருக்காங்க. கிரிக்கெட்ட அப்பிடிப் பாக்கிற நாட்டுல இருக்கிற எனக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்ல.

தோள் காயமும் கால் காயமும் தள்ளி நின்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது. கிட்டப் போய் நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ம பக்கத்துல இதுக்குச் சரியான உதாரணம் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. நாவல்ல யாரு குத்தினதுன்னு கல்கி உறுதியாச் சொல்லாமலே விட்டாரு. அதால படிச்சவங்க எல்லாரும் ஆளுக்கொரு சாட்சியா மாறிட்டாங்க, நந்தினின்னு ஒருத்தங்க, பெரிய பழுவேட்டரையர்னு ஒருத்தங்க, அவனே குத்திக்கிட்டான்னு ஒருத்தங்க. நானும் இந்தச் சண்டையில இறங்கித்தான் உடையார்குடிக் கல்வெட்டுன்னு ஒண்ணு இருக்கிறதையே தெரிஞ்சுக்கிட்டேன். காட்டுமன்னார்கோயில்ல அனந்தீஸ்வரர் கோயில் சுவத்துல இருக்கு, ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி வருஷத்துக் கல்வெட்டு, கரிகாலனக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் போட்டிருக்கு, அவங்க சொந்தக்காரங்க காணியப் பறிச்ச கதையும் இருக்கு. ரவிதாசன்னா யாரு? நாவல்ல ஆந்தை மாதிரி கத்துற அதே ரவிதாசன். அந்தக் கோயில் இருக்கிறது வீராணம் ஏரிக்குப் பக்கத்துல, அதாவது வந்தியத்தேவன் முதல் முதலா குதிரையில வாற அதே ஏரிக்குப் பக்கத்துல. கொலைகாரன் பேரு செதுக்கியிருக்கிற சுவத்துக்குக் கிட்ட இருந்துதான் கல்கி கதையையே தொடங்குறாரு! இது தற்செயலா, இல்ல வேணும்னு செஞ்சதான்னு நானும் ஒரு கூட்டாளியும் பதுளை ரயில்ல ஹட்டன்ல ஏறினதுல இருந்து பண்டாரவளை வரைக்கும் வாதாடிக்கிட்டுப் போனோம், முன் சீட்டு அங்கிள் திரும்பித் திரும்பிப் பாத்தாரு, கடைசியில அவரும் சேந்துக்கிட்டாரு, அவரு கட்சி பழுவேட்டரையர்.

கல்வெட்ட எனக்குப் பாடப் புத்தகம் காட்டல்ல. ஒரு நாவல் மேல இருந்த வெறிதான் காட்டுச்சு. நாவல் முடிஞ்ச எடத்துல இருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகின்னு இன்னொரு நாவலே எழுதினாரு, அதுக்குப் பொறகும் ஆளாளுக்குத் தொடர்ச்சி எழுதிக்கிட்டேதான் இருக்காங்க, அதெல்லாம் ஃபேன் வேலையா இலக்கியமான்னு பிரிக்கப் போறவங்க பிரிக்கட்டும், கதை போதல்ல இன்னும் வேணும்னு ஒரு மனுசன் பேனையத் தூக்குறது எனக்கு எப்பவும் பெரிய விஷயம்.

எங்க அம்மாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா நான் பாத்த ஃபேன்கள்ல அவங்களுக்கு மேல யாரும் இல்ல. தோட்டத்துல பொன்னர் சங்கர் கூத்து வச்சா விடிய விடிய உட்கார்ந்திருப்பாங்க, குளிருக்குப் போர்வையச் சுத்திக்கிட்டு, பக்கத்துல வெத்தலப் பை. யாரு எந்த எடத்துல சாவான்னு அவங்களுக்கு மனப்பாடம், இருந்தாலும் அந்த எடம் வரும்போது அழுவாங்க, ஆடுறவரு ஒரு அடிய விட்டுட்டா அழுதுக்கிட்டே அந்த அடிய எடுத்தும் குடுப்பாங்க. மாசி மாசத்துக் காமன் கூத்துலயும் அப்பிடித்தான், ரதிக்கும் மன்மதனுக்கும் நடக்கப் போறது தெரியாத ஒரு ஆளு தோட்டத்துல இருக்க மாட்டாங்க, ஆனா தப்பு மேளச் சத்தம் கேட்டவுடனே மொத்த லயமும், அந்த வரிசை வீட்டுச் சனம் பூரா, அங்கதான். தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில மன்மதன் எரிஞ்சான்னு ஒரு கட்சியும் எரியல்லன்னு ஒரு கட்சியுமா நின்னு ராத்திரி பூரா பாட்டுலயே வாதாடுவாங்கன்னு கேள்விப்பட்டப்ப, ரயில்ல நாங்க பேசிக்கிட்டுப் போனது எவ்வளவு பழைய வேலைன்னு விளங்கிச்சு. அம்மாயிகிட்ட நான் சுழற்காற்றுக் கதையச் சொல்லுவேன், கொழுந்து எடுத்துட்டு வந்து கால நீட்டி உட்கார்ந்து கேப்பாங்க. ஊமை ராணி கதை வந்தப்ப, "அந்தப் புள்ளைய ஏன்டி அந்த ராசா விட்டுட்டுப் போனான், அதை முதல்ல சொல்லு"ன்னு நிப்பாட்டிட்டாங்க. நான் எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன், நாவலோட ஆணிவேரப் புடிச்சு இப்பிடி ஒரு கேள்வி கேட்டவங்க கொஞ்சம் பேர்தான்.

மாமாவுக்கு வேற பைத்தியம், காமிக்ஸ். கொழும்புல கடையில வேலை செஞ்சவரு, லீவுக்கு வாறப்ப எல்லாரும் பிஸ்கட்னு எதிர்பாத்தா அவரு பையில பழைய முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இருக்கும். 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கினப்ப முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. கரண்ட் ஷொக் பட்டா உடம்பு மறைஞ்சு அந்த இரும்புக் கை மட்டும் தெரியும், இங்கிலாந்துல வேலியன்ட்னு ஒரு வாரப் பத்திரிகையில வந்த கதை, சிவகாசி வழியா தமிழாகி, கடல் தாண்டி, கொழும்பு நடைபாதைக்கு வந்து, அங்க இருந்து தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்துக் காம்பராவுல கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டிக்குள்ள வந்து சேந்துச்சு. மாமாகிட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருக்கு, எந்த நம்பர் இருக்கு, எது இல்ல, யாருகிட்ட இருக்குன்னு எல்லாம் எழுதி வச்சிருப்பாரு. இல்லாத ஒரு புத்தகத்துக்காக வேற டிவிஷன்ல இருக்கிற ஒரு ஆளோட பழகி, அவரு வீட்டுக் கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் போய், இப்ப ரெண்டு குடும்பமும் சொந்தம் மாதிரி. அந்தப் புத்தகத்த அவரு இன்னும் குடுக்கல்ல, மாமாவும் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு.

இதுல ஒண்ணச் சொல்லியே ஆகணும். ஆம்பளைங்க ஃபேனா இருந்தா எங்க பக்கம் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில 1917ல பொறந்தவரு, எங்க ஆளுன்னு பெரிசுங்க நெஞ்ச நிமித்திச் சொல்லுவாங்க, அவரு படத்துக்குப் பால் ஊத்தினவங்களையும் சூடம் கொளுத்தினவங்களையும் யாரும் பைத்தியம்னு சொன்னதில்ல. முரளி கண்டிக்காரரு, 2010ல காலியில எண்ணூறாவது விக்கெட் எடுத்தப்ப எங்க லைன்ல பெடியனுங்க அழுதாங்க, எல்லாரும் அவங்க தோளத் தட்டிக் குடுத்தாங்க. அதே பெடியனுங்களுக்குத் தங்கச்சியா இருக்கிற ஒருத்தி பூங்குழலிக்காக அழுதா, "இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைக்குக் கதப் புத்தகம் குடுக்காதீங்கங்கிறது"ன்னு ஒரு வசனம் வரும். ராத்திரி லைட்டப் போட்டுப் படிக்கிறதுக்கும் பேச்சு, அடுப்படியில படிக்கிறதுக்கும் பேச்சு. ரகசியமா படிச்சதாலதான் என்னை மாதிரி நிறையப் பொம்பளைங்களுக்கு வாசிப்பும் ரசிகையா இருக்கிறதும் ஒட்டிப் போச்சுன்னு தோணுது, வெளிய கத்த எடம் இல்ல, உள்ளுக்குள்ளயே மன்றம் வச்சுக்கிட்டோம். ஹொஸ்டலுக்குப் போன பொறகுதான் பக்கத்துக் கட்டில் அக்காவும் அதே மாதிரி ஒரு மன்றத்த வச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி நாங்க தூங்கவே இல்ல.

ஃபேனா இருந்தா கண்ணு மறைக்கும்னு சொல்றாங்களே, அதுக்கு வாறேன். மறைக்கும், உண்மைதான். சோழர் கதைய நெஞ்சுல வச்சுக்கிட்டு இந்த நாட்டுல வாழுற ஒரு தமிழ்ப் பொண்ணுக்கு அது இன்னும் சிக்கல். நாவல்ல அருள்மொழிவர்மன், அதாவது பின்னால ராஜராஜனா ஆனவரு, இடிஞ்ச விகாரையெல்லாம் திருத்திக் கட்டச் சொல்றாரு, பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தையே கொண்டு வந்து நீட்டினாலும் வேண்டாம்னு சொல்றாரு. அந்த அத்தியாயத்த நான் உருகி உருகிப் படிச்சிருக்கேன். வரலாறு வேற மாதிரி. 993 அளவுல அதே ராஜராஜனோட படை வந்துச்சு, அனுராதபுரம் அழிஞ்சுச்சு, தலைநகரம் பொலன்னறுவைக்குப் போய் ஜனநாதமங்கலம்னு பேர் மாறிச்சு. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் காலத்துல 1017ல ஐஞ்சாம் மகிந்த ராஜாவப் புடிச்சுச் சோழநாட்டுக்குக் கொண்டு போனாங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சு அவரு அங்கயே செத்தாரு.

என்னோட வேலை செய்ற சிங்கள அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கு முதலாம் விஜயபாகு மேல அப்பிடி ஒரு பைத்தியம், 1070ல சோழர விரட்டி நாட்டத் திருப்பிப் புடிச்ச ராஜா. சின்னப் புள்ளையில தெக்க இருக்கிற ரோகணத்துல ஒளிஞ்சு வளந்த கதையில இருந்து எல்லாத்தையும் அவங்க சொல்லும்போது கண்ணு மின்னும், அந்த மின்னல் எனக்கு நல்லாத் தெரிஞ்ச மின்னல். ஒபிஸ்ல இருந்து பொலன்னறுவைக்கு ட்ரிப் போனப்ப நாங்க ரெண்டு பேரும் கூட்டத்த விட்டுட்டு ரெண்டாம் சிவ தேவாலயத்துக்குப் போனோம். முழுசும் கல்லு, சோழர் கட்டினது, கல்வெட்டுல வானவன் மாதேவி ஈஸ்வரம்னு பேரு. வானவன் மாதேவின்னு வாசிச்சா எனக்கு வானதி ஞாபகம் வராம இருக்குமா, மயங்கி மயங்கி விழுற அந்தக் கொடும்பாளூர்ப் பொண்ணு பேரு எங்க வந்து நிக்குதுன்னு எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. அக்கா சுவத்தத் தொட்டுக்கிட்டு, "நங்கி, உங்க ஆளுங்க கல்லு வேலை மட்டும் அழகு"ன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்க விஜயபாகு கதையத் தொடங்கினாங்க, நான் சோழர் பக்கம் நின்னு மறுத்துப் பேசினேன், பிறகு அனுராதபுரத்துக்கு என்ன நடந்துச்சுன்னு அவங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இருக்கல்ல, நான் கேட்டுக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வந்து சூளவம்சம்னு இலங்கை ராஜாக்கள் பத்தின பழைய வரலாற்றுப் புத்தகத்தத் தேடிப் படிச்சேன், என் ஹீரோ வீட்டு ஆளுங்க அதுல எப்பிடி இருக்காங்கன்னு படிக்கிறது வலிச்சுச்சு, ஆனா ஃபேனா இல்லாம இருந்திருந்தா நான் அந்தப் புத்தகத்தத் தொட்டிருக்கவே மாட்டேன். அக்காவுக்கு நான் நாவல் கதைய சிங்களத்துல வாயால சொல்லிக்கிட்டு வாறேன், இப்ப மூணாம் பாகம். நந்தினிய அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

அதை விடக் கண்ண மறைக்கிறது வேற ஒண்ணு. நான் முதல்ல படிச்சேன், நீ படம் பாத்துட்டு வந்தவள்தானேன்னு வாசல்ல நின்னு டிக்கட் கேக்குற பழக்கம். 2022 செப்டெம்பர் கடைசியில பொன்னியின் செல்வன் முதல் படம் வந்தப்ப இது அளவுக்கு மீறிப் போச்சு, படத்தப் பாத்து ஆசைப்பட்டுப் புத்தகம் தேடின சின்னப் புள்ளைங்களப் பழைய வாசகர்கள் நக்கலடிச்சத என் கண்ணால பாத்தேன், எனக்கு அது பிடிக்கவே இல்ல. எந்த வாசல்ல வந்தா என்ன? நான் ரெண்டாம் பாகத்து ஓட்டை வழியா உள்ள வந்தவ.

அந்த வருஷம் எப்பிடி இருந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், கேஸ் கியூ, கரண்ட் கட், பேப்பர் இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையே தள்ளிப் போன வருஷம். புத்தக விலை கைக்கு எட்டல்ல. அப்பிடியிருந்தும் ஒக்டோபர் மாசம் போனத் தொறந்தா குந்தவையும் நந்தினியும்தான், நானும் கண்டிக்குப் போய்ப் படம் பாத்துட்டு வந்து நாள்கணக்காப் பேசிக்கிட்டு இருந்தேன். அதே ஒக்டோபர் 21ஆம் திகதி எங்க மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஐயா காலமானாரு. பதுளையில ஊவாகட்டவளைத் தோட்டத்துல 1934ல பொறந்து, தெளிவத்தைத் தோட்டத்துல வாத்தியாரா இருந்து அந்தத் தோட்டத்துப் பேரையே தன் பேருக்கு முன்னால போட்டுக்கிட்டவரு. நாமிருக்கும் நாடே கதைகளுக்கு இங்க சாகித்திய விருது கெடச்சுச்சு, 2013ல தமிழ்நாட்டுல விஷ்ணுபுரம் விருது குடுத்தாங்க. என் போன்ல அவரு படத்தோட வந்த அஞ்சலி நாலஞ்சுதான். சுத்தி எல்லாம் சோழர்.

அன்னைக்கு எனக்கு வந்த கோபம் யாரு மேலயும் இல்ல, ஆனா ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. இவரு எழுத்த நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி, மரியாதையா, தள்ளி நின்னுதான் அது வரைக்கும் படிச்சிருந்தேன். கூட்டங்கள்ல நல்ல வாசகர்னா இப்பிடித்தான்னு சொல்றாங்களே, சரியா அதே மாதிரி. மீன்கள் கதைய, ஒரே காம்பராவுக்குள்ள ஒரு முழுக் குடும்பமும் முடங்கிக் கெடக்குற அந்த நெருக்கடிய, நான் வளந்த அதே காம்பராவ, படிச்சிட்டு 'சமூகப் பிரச்சினை'ன்னு ஒரு குறிப்பு எழுதி மூடி வச்சிருந்தேன். வந்தியத்தேவனுக்குச் செஞ்சத இவருக்கு ஏன் செய்யல்லன்னு கேட்டுக்கிட்டு, திரும்பத் தொடங்கினேன், இந்தத் தடவை ஃபேனா. வரிக்கு வரி. இந்தத் திருப்பம் எந்தத் திருப்பமா இருக்கும், காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற இந்தப் பெரட்டுக் களம் எங்க இருந்திருக்கும், இந்தக் கணக்கப்பிள்ளை சாயல் யாரு சாயல்னு தேடித் தேடி. அப்பதான் அவரு எவ்வளவு நுணுக்கமான ஆளுன்னு தெரிஞ்சுச்சு, ஒரு லயத்துல முன் திண்ணை இஸ்தோப்புல இருந்து அடுப்படிக்கு ஒரு ஆளு நடக்குற தூரத்த வச்சே அந்த வீட்டு நிலைமையச் சொல்லிடுவாரு. மரியாதைக்குப் படிச்சப்ப எனக்கு இது ஒண்ணும் கண்ணுல படவே இல்ல.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையையும் இப்ப அப்பிடித்தான் பாக்கிறேன். 1914ல மடக்கொம்பரையில பொறந்தவரு, 1947ல தலவாக்கலையில ஜெயிச்சுப் பாராளுமன்றம் போனவரு, அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு வோட்டுப் போட்ட எங்க ஆளுங்க நாடில்லாதவங்களா ஆனாங்க. இந்தக் கதையத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லவும் வேணும். ஆனா அந்த மனுசன் மலையில பொம்பளைங்க பாடுற பாட்டயெல்லாம் கேட்டு எழுதிச் சேத்துப் புத்தகமாக்கி வச்சாரே, அதை ஆசையில்லாம செய்ய ஏலுமா? என் மாமா சி.ஆர். கொப்பியில நம்பர் எழுதுறாரே, அதே பிடிவாதம்தான் அவரையும் தோட்டம் தோட்டமா கொண்டு போயிருக்கும்னு நான் நம்புறேன்.

பொன்னியின் செல்வன்ல எங்க மலை வராது. தேயிலையும் லயமும் வாறதுக்கு இன்னும் எண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கு. ரோகணத்துல ஒளிச்சு வச்சதா வாற பாண்டியர் மணிமகுடத்துக்கு நானும் அந்த ஹொஸ்டல் அக்காவும் எங்க மலையில எல்லங்கிற ஊர்ப் பக்கம் ஒரு குகையக் குடுத்தோம், எங்களுக்கும் கதையில ஒரு எடம் வேணும்னு. ஜோசப் ஐயா கதைக்கு அப்பிடி எடம் குடுக்கத் தேவையில்ல, எங்க எடம்தான் கதை. அக்கா இப்ப பதுளையில டீச்சரா இருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் அவரு கதைகள்ல வாற தோட்டம், ஸ்டோர், ரோட்டு எல்லாத்தையும் வச்சு ஒரு மேப் போட்டுக்கிட்டு இருக்கோம், ஏலுமான எடத்துக்கு நேர்லயும் போறோம், தோட்டத்துப் பெரியவங்ககிட்ட கேட்டா அவங்க இன்னும் நாலு கதை சொல்றாங்க, மேப்புல எடம் போதல்ல.

ஜோசப் ஐயாவோட காலங்கள் சாவதில்லை நாவலோட பழைய வீரகேசரி பிரசுரம், 1974 பதிப்பு, யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க. அட்டை இல்லாட்டியும் பரவாயில்ல, மழையில ஊறினதா இருந்தாலும் பரவாயில்ல, விக்க மனசில்லன்னா வந்து உங்க வீட்டுலயே உட்கார்ந்து பாத்துட்டுப் போறோம். மாமாவும் கூட வாறேன்னு சொல்றாரு, உங்ககிட்ட பழைய முத்து காமிக்ஸ் இருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.